சாம்பலும் எலும்பும் சொல்லும் வரலாறு

"ஏன் அழிந்தது?" வரலாற்று வகுப்பில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சிந்துவெளி நகரங்களைப் பற்றிச் சொன்னாலும், மாயன் நாகரிகத்தைப் பற்றிச் சொன்னாலும், பாடம் முடியும் முன்பே இந்தக் கேள்வி எழுந்துவிடும். கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு வரி விடை. வெள்ளம், வறட்சி, படையெடுப்பு என்று ஏதாவது ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டால், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குத் தயாராகிவிடுவார்கள்.

அந்த ஒரு வரி விடை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் காட்ட, சமூக அறிவியல் வகுப்பில் நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு வட அட்லாண்டிக் தீவுகள். பல நாட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து உழைத்ததால், அங்கே ஒரு பழைய விடை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. வரலாறு, அறிவியல், கணக்கு, புவியியல் என நாம் தனித்தனிப் பாடவேளைகளில் நடத்துபவை எல்லாம் ஒரே குழியில் எப்படிச் சந்திக்கின்றன என்பதையும் அந்த ஆய்வுகளில் காணலாம்.

ஒரே மக்கள், வெவ்வேறு தீவுகள்

வகுப்பறையில் உலக வரைபடம் இருந்தால் விரித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் வடமுனையிலிருந்து வடமேற்காக விரலை நகர்த்தினால் ஆர்க்னி, ஷெட்லாந்து, ஃபாரோ தீவுகள், ஐஸ்லாந்து, கிரீன்லாந்து என்று வரிசையாக வரும். ஏறத்தாழ பொ.ஆ. 800 முதல் 1000 வரையிலான காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து புறப்பட்ட நார்ஸ் மக்கள் இந்த வழியாகவே மேற்கு நோக்கிப் பரவினார்கள். வைக்கிங்குகள் என்று நம் பாடநூல்கள் அழைப்பது இவர்களைத்தான்.

ஆர்க்னியிலும் ஷெட்லாந்திலும் அவர்களுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழ்ந்தனர். ஐஸ்லாந்தோ ஏறக்குறைய ஆளில்லாத பெருந்தீவு. கிரீன்லாந்துக்கு எரிக் தி ரெட் என்பவரின் தலைமையில் பொ.ஆ. 985-ஐ ஒட்டிக் குடியேறினார்கள் என்பது மரபு.

அறிவியல் ஆசிரியர்களுக்கு இந்த வரிசை ஒரு சோதனை அமைப்பைப் போலத் தோன்றும். மக்கள் ஒரே மொழியினர். கொண்டுவந்த மாடும் ஆடும் ஒன்று. வீடு கட்டும் முறையும் ஏறக்குறைய ஒன்று. தீவின் தட்பவெப்பமும் மண்ணும் கடலும்தான் வேறு. முடிவும் வேறாக இருந்தது. ஐஸ்லாந்து இன்று ஒரு நாடு. கிரீன்லாந்தில் நார்ஸ் குடியிருப்புகள் ஏறத்தாழ 450 ஆண்டுகள் நீடித்துப் பின்னர் வெறுமையாயின. 1408-ஆம் ஆண்டு செப்டம்பரில் குவால்சே என்ற ஊரின் தேவாலயத்தில் நடந்த ஒரு திருமணமே அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் கடைசி எழுத்துப் பதிவு. அந்தத் தேவாலயத்தின் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

இந்த வேறுபாட்டை ஒரு நாட்டு ஆய்வாளர்களால் மட்டும் விளக்க முடியாது. 1992-இல் வட அட்லாண்டிக் உயிர்ப்பண்பாட்டு அமைப்பு என்ற பெயரில், சுருக்கமாக நாபோ என்று, ஒரு கூட்டமைப்பு உருவானது. நியூயார்க் நகரின் ஹன்டர் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் மெக்கவர்ன் அதன் முன்னோடிகளில் ஒருவர். தொல்லியலாளர், விலங்கு எலும்பு வல்லுநர், மண்ணியலாளர், வரலாற்றாசிரியர், காலநிலை ஆய்வாளர் என எல்லாரும் அதில் இருந்தார்கள்.

அவர்கள் செய்த ஒரு வேலை பார்க்கச் சிறியதாகத் தோன்றும். அகழாய்வில் கிடைக்கும் எலும்புகளை எப்படி எண்ணுவது, எப்படிப் பதிவு செய்வது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான முறை ஒன்றை வகுத்தார்கள். ஒவ்வொருவரும் தம் போக்கில் எண்ணினால் ஐஸ்லாந்தின் கணக்கையும் கிரீன்லாந்தின் கணக்கையும் ஒப்பிட முடியாது. ஒரே வினாத்தாளை இரண்டு பள்ளிகள் இரண்டு விதமாகத் திருத்தினால் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாதல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

சாம்பல் எழுதிய நாட்காட்டி

ஐஸ்லாந்து எரிமலைகளின் நாடு. எரிமலை வெடிக்கும்போது மேலெழும் சாம்பல் காற்றில் பரவி, பல நூறு கிலோமீட்டர் பரப்பில் மெல்லிய போர்வையாகப் படியும். அதன்மேல் மண் சேரும். அடுத்த வெடிப்பில் இன்னொரு படிவு. பள்ளம் தோண்டி அதன் சுவரைப் பார்த்தால் பழுப்பு மண்ணுக்கிடையே கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறக் கோடுகள் தெரியும்.

ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலிலும் உள்ள நுண்ணிய கண்ணாடித் துகள்களின் வேதியியல் சேர்மானம் வெவ்வேறாக இருக்கும். கைரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பதுபோல, அந்தச் சேர்மானத்தைக் கொண்டு எந்த எரிமலையின் எந்த வெடிப்பு என்று சொல்லிவிடலாம். இந்தச் சாம்பலுக்கு 'டெஃப்ரா' என்று பெயரிட்டு, அதைக் காலக்கணிப்புக்குப் பயன்படுத்தும் முறையை 1940-களில் நிலைநிறுத்தியவர் ஐஸ்லாந்து நிலவியலாளர் சிகுர்தூர் தோராரின்சன். 1939-இல் டென்மார்க், சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் தொல்லியலாளர்கள் சேர்ந்து தென் ஐஸ்லாந்தின் பள்ளத்தாக்கு ஒன்றில் பழைய பண்ணைகளை அகழ்ந்தபோது அவரும் உடன் இருந்தார். எனவே கூட்டாய்வு இத்துறைக்குப் புதிதல்ல.

ஐஸ்லாந்தின் முதல் குடியேற்றக் காலத்தில் படிந்த சாம்பலுக்குக் 'குடியேற்றச் சாம்பல்' என்றே பெயர். மக்கள் வாழ்ந்த தடயங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் படிவுக்கு மேலேதான் கிடைக்கின்றன. அதன் ஆண்டு எப்படித் தெரிந்தது? கிரீன்லாந்தின் பனிப்பாளத்தில் ஆண்டுதோறும் விழும் பனி, மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கடுக்காகப் படிகிறது. அதைத் துளையிட்டு எடுத்த நீண்ட பனிக்கட்டித் தண்டில் அதே சாம்பலின் துகள்கள் கிடைத்தன. அடுக்குகளை எண்ணி முதலில் 871 என்றும், இரண்டாண்டு முன்பின் இருக்கலாம் என்றும் கணித்தார்கள். பனி அடுக்குகளின் கணக்கு பின்னர் செம்மைப்படுத்தப்பட்டபோது அது 877 ஆனது. ரெய்க்யவிக் நகரில் அகழ்ந்தெடுத்த ஒரு புல்மண் சுவர் இந்தச் சாம்பலுக்கும் முந்தியது. அந்தச் சுவர் ஓர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இங்கே கணக்கு ஆசிரியருக்கும் வேலை உண்டு. 1104-இல் ஹெக்லா எரிமலை வெடித்த சாம்பலும், 1477-இல் நடந்த இன்னொரு வெடிப்பின் சாம்பலும் வட ஐஸ்லாந்தில் கிடைக்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி 373 ஆண்டுகள். ஓரிடத்தில் இவ்விரு கோடுகளுக்கிடையே 37 செ.மீ. மண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. மண் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே, 877-க்கும் 1104-க்கும் இடைப்பட்ட 227 ஆண்டுகளில் 9 செ.மீ. மட்டுமே இருந்தால் வேகம் 0.4 மி.மீ. இந்த அளவுகள் நான் விளக்கத்துக்காகச் சொன்னவை. ஆனால் ஆய்வாளர்கள் செய்யும் கணக்கு இதுதான். மனிதர் குடியேறிய பிறகு ஐஸ்லாந்தின் பல பகுதிகளில் மண் சேரும் வேகம் கூடியது. ஓரிடத்தில் மண் கூடுதலாகச் சேர்ந்தால், வேறோர் இடத்திலிருந்து அது பெயர்ந்து வந்திருக்கிறது என்று பொருள். எங்கோ காடும் புல்லும் அழிந்து மண் காற்றில் பறந்திருக்கிறது.

இதே முறை நம் அருகிலும் பயன்பட்டிருக்கிறது. ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்தில் ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் இந்தோனேசியாவின் டோபா எரிமலை கக்கிய சாம்பல் கனமாகப் படிந்திருக்கிறது. ரவி கோரிசெட்டர், மைக்கேல் பெட்ராக்லியா ஆகியோரின் குழு அந்தச் சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகளைக் கண்டெடுத்து 2007-இல் வெளியிட்டது. அந்தப் பேரழிவுக்குப் பின்னும் அங்கே மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கருவிகளை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள்.

குப்பைமேடு என்னும் ஆவணம்

வீட்டுச் சுவரைவிடக் குப்பைமேடு அதிகம் பேசும். தின்றது, எரித்தது, உடைத்தது எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். பெருமைக்காக யாரும் குப்பை போடுவதில்லை என்பதால், அரசர்களின் கல்வெட்டைப்போல அது தன்னை உயர்த்திச் சொல்வதுமில்லை.

வடகிழக்கு ஐஸ்லாந்தில் மீவட்ன் என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதைச் சுற்றிய பழைய பண்ணைகளின் குப்பைமேடுகளை ஐஸ்லாந்துத் தொல்லியல் நிறுவனமும் நாபோவைச் சேர்ந்த குழுக்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. ஏரி கடலிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. உள்ளே இருக்கிறது. ஆனாலும் வைக்கிங் காலக் குப்பையிலேயே கடல்மீன் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் தலையெலும்புகள் மிகக் குறைவு. முதுகெலும்பின் ஒரு பகுதியும் செவுளையொட்டிய எலும்பும்தான் மிகுதி.

இதன் பொருள் நம் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பெரிய மீனின் கருவாட்டுத் துண்டு வாங்கிச் சமைக்கும் வீட்டுக் குப்பையில் மீன்தலை இருக்காது. தலையைக் கடற்கரையிலேயே வெட்டி எறிந்துவிட்டு, உடலை உலர்த்தி உள்நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணமும் கடைவீதியும் இல்லாத அந்தக் காலத்திலேயே கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையே பண்டமாற்று நடந்திருக்கிறது. குடியேறிய முதல் தலைமுறைகளே இதை ஏற்படுத்திக்கொண்டன. பின்னாளில் ஐரோப்பாவுக்கு உலர்மீன் விற்று ஐஸ்லாந்து பிழைத்ததற்கு அடித்தளம் இதுவே.

அதே மேடுகளில் இன்னொன்றும் கிடைத்தது: ஏராளமான முட்டை ஓடுகள். மீவட்ன் ஏரிக்குக் கோடைதோறும் ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகள் முட்டையிட வருகின்றன. ஓடுகள் குவியலாகக் கிடைத்தாலும் அந்த வாத்துகளின் எலும்புகள் மிகக் குறைவு. முட்டையை எடுத்திருக்கிறார்கள், தாயைக் கொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டிலும் சில முட்டைகளை விட்டுவிட்டு மற்றதை எடுக்கும் வழக்கம் அந்த ஏரிக்கரைப் பண்ணைகளில் இக்காலம்வரை தொடர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக முட்டை எடுத்தும் வாத்துகள் இன்னும் வருகின்றன. வள்ளுவர் பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புவதைப் பற்றிச் சொன்னதை நடத்தும்போது இந்த ஏரியையும் சொல்லலாம்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மக்கள் வந்தபோது ஐஸ்லாந்தின் பரப்பில் 25 முதல் 40 விழுக்காடுவரை பிர்ச் மரக்காடு இருந்ததாகக் கணிக்கிறார்கள். மலைக்கும் கடற்கரைக்கும் இடையே காடு இருந்தது என்று 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரி தோர்கில்சன் என்ற ஐஸ்லாந்து வரலாற்றாசிரியரும் எழுதினார். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கரிக்கும் அது பெரும்பாலும் அழிந்தது. இன்று காடு 2 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஏரி அடிமண்ணில் படிந்த மகரந்தத் துகள்கள் இதை உறுதி செய்கின்றன.

அப்படியானால் அந்த மக்கள் இயற்கையைக் காத்தவர்களா, அழித்தவர்களா? இரண்டுமேதான். வாத்தைக் காத்த அதே கைகள்தான் மரத்தையும் வெட்டின. ஒரு கூட்டில் எத்தனை முட்டை எடுத்தால் அடுத்த ஆண்டு வாத்து வரும் என்பது ஒருவர் வாழ்நாளிலேயே தெரிந்துவிடும். மேய்ச்சலால் மண் பெயர்வது தலைமுறைகள் கடந்தே கண்ணுக்குத் தெரியும். மெதுவாக நடக்கும் மாற்றத்தைக் கவனிப்பது கடினம் என்ற இந்தப் பாடம் நமக்கும் தேவையானது.

கிரீன்லாந்தில் திருத்தப்பட்ட விடை

இப்போது அந்த ஒரு வரி விடைக்கு வருவோம். கிரீன்லாந்தின் நார்ஸ் மக்கள் ஏன் மறைந்தார்கள்? நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை இது: அவர்கள் பிடிவாதக்காரர்கள். குளிர் கூடிய பிறகும் ஐரோப்பியரைப்போல மாடு வளர்ப்பதையே பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் வாழ்ந்த இன்யூட் மக்களிடமிருந்து கற்கவில்லை. அதனால் பட்டினியில் அழிந்தார்கள். 2005-இல் வெளிவந்த ஜாரட் டயமண்டின் 'கொலாப்ஸ்' என்ற புகழ்பெற்ற நூலும் இந்தப் பார்வையைப் பரவலாக்கியது. வகுப்பில் சொல்வதற்கு எளிதான கதை; மாற மறுத்தால் அழிவு என்ற நீதியும் கையோடு கிடைத்துவிடும்.

குப்பைமேடு வேறு சொன்னது. எலும்புகளை எண்ணியபோது, காலம் செல்லச் செல்ல மாட்டெலும்பின் பங்கைவிடச் சீல் எலும்பின் பங்கு உயர்ந்துகொண்டே போனது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் யெட்டே ஆர்னெபோர்க் தலைமையிலான குழு, கல்லறைகளில் கிடைத்த மனித எலும்புகளின் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டது. நிலத்து உணவு உண்டவரின் எலும்பிலும் கடல் உணவு உண்டவரின் எலும்பிலும் கார்பனின் இரு வகைகள் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். முதல் குடியேறிகளின் உணவில் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த கடலின் பங்கு, கடைசிக் காலத்தில் 80 விழுக்காடுவரை உயர்ந்திருந்தது.

மாற மறுத்தவர்கள் என்று நூல்கள் சொன்ன மக்கள், உண்மையில் தம் உணவையே தலைகீழாக மாற்றிக்கொண்டவர்கள். பிறகு ஏன் மறைந்தார்கள்? இங்கேதான் பல துறைகளும் சேர வேண்டியிருந்தது.

காலநிலை ஆய்வாளர்கள் 13-ஆம் நூற்றாண்டுக்குப் பின் குளிரும் கடற்பனியும் புயலும் கூடியதைச் சொன்னார்கள். ஏரி மண்ணை ஆராய்ந்த ஒரு குழு, கிழக்குக் குடியிருப்புப் பகுதியில் குளிரைவிட வறட்சியே அதிகம் வாட்டியது என்று 2022-இல் தெரிவித்தது. வறட்சி வந்தால் வைக்கோல் குறையும். வைக்கோல் இல்லாமல் மாடு அந்த நீண்ட குளிர்காலத்தைத் தாண்டாது. பனிப்பாளம் வளர்ந்ததால் அக்கடற்கரையில் கடல்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் உயர்ந்து தாழ்நிலங்களை விழுங்கியது என்று 2023-இல் இன்னொரு குழு கணக்கிட்டது.

வணிகத்தை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைச் சேர்த்தார்கள். கிரீன்லாந்து ஐரோப்பாவுக்கு விற்றது வால்ரஸ் தந்தம். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள பழைய வால்ரஸ் எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, 12-ஆம் நூற்றாண்டுக்குப் பின் அங்கே வந்த தந்தத்தில் மிகப் பெரும்பகுதி கிரீன்லாந்திலிருந்தே வந்தது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் நார்வேயைச் சிதைத்தது. கப்பல்கள் குறைந்தன. தந்தத்துக்கான தேவையும் குறைந்தது. உலர்மீன் வயிற்றுக்கான பொருள்; பஞ்சத்திலும் விலைபோகும். தந்தம் ஆடம்பரப் பொருள். வாங்குபவர் கை சுருங்கினால் முதலில் நிற்பது அதுதான். ஐஸ்லாந்து மீனை நம்பியது, கிரீன்லாந்து தந்தத்தை நம்பியது என்ற வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது.

ஐஸ்லாந்தும் துன்பம் காணாத நாடல்ல. 1783 ஜூன் முதல் 1784 பிப்ரவரிவரை லாக்கி எரிமலைப் பிளவு கக்கிய நஞ்சுக் காற்றால் ஐஸ்லாந்தின் ஆடுகளில் முக்கால் பங்குக்கு மேலும், மக்களில் ஐந்தில் ஒரு பங்கினரும் மடிந்தார்கள். அந்த வெடிப்பு ஆப்பிரிக்காவின், இந்தியாவின் பருவமழையையும் வலுவிழக்கச் செய்திருக்கும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அவ்வளவுக்குப் பின்னும் அந்தச் சமூகம் மீண்டெழுந்தது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டக்மோர், மெக்கவர்ன் உள்ளிட்டோர் 2012-இல் எழுதிய கட்டுரையின் கருத்து இதுதான். கிரீன்லாந்து நார்ஸ் மக்கள் தம் சூழலுக்கு நன்றாகவே பழகிக்கொண்டவர்கள். சீல் வேட்டைக்கு ஊரே சேர்ந்து போக வேண்டும். அந்தக் கூட்டு உழைப்பு அவர்களைப் பல தலைமுறைகள் காப்பாற்றியது. ஆனால் ஆள்தொகை சில ஆயிரம் மட்டுமே. ஒரு புயலில் சில படகுகள் கவிழ்ந்தால் ஓர் ஊரின் உழைக்கும் கைகளே போய்விடும். குளிர், கடற்பனி, வணிகச் சரிவு, தனிமை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் தனியாகத் தாங்கியிருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்க முடியவில்லை.

'பிடிவாதத்தால் அழிந்தார்கள்' என்ற விடை ஒரு மக்கள் கூட்டத்தின் மீது பழி சுமத்தியது. குப்பைமேட்டின் எலும்புகள் அந்தப் பழியை நீக்கின. இறந்துபோனவர்கள் வந்து வாதாட முடியாது. அவர்களுக்காகச் சான்றுகளைப் பொறுமையாகச் சேர்ப்பதுதான் வரலாற்றாசிரியரின் வேலை.

உருகும் ஆவணம்

இந்தச் சான்றுகள் இத்தனை காலம் நிலைத்ததற்குக் குளிரே காரணம். 1921-இல் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறையில் பால் நோர்லுண்ட் அகழ்ந்தபோது, உறைந்த மண்ணுக்குள் கம்பளி அங்கிகளும் தலைமூடிகளும் கிடைத்தன. இடைக்கால ஐரோப்பாவின் எளிய மக்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு உலகில் மிக அரிய சான்றுகள் அவை.

இப்போது அந்த மண் இளகுகிறது. உறைபனி விலகினால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். துணி, மரம், தோல், எலும்பு என எல்லாம் மட்கும். மேற்குக் கிரீன்லாந்தின் தொல்லிடங்களில் உள்ள கரிமப் பொருளில் 30 முதல் 70 விழுக்காடுவரை அடுத்த 80 ஆண்டுகளில் அழியக்கூடும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்தது. ஆர்க்னியில் கடல் அரிக்கிறது. 5,000 ஆண்டுப் பழைமையான ஸ்காரா பிரே கிராமத்தை 1850-இல் ஒரு புயல்தான் மண் விலக்கி வெளிக்காட்டியது. காட்டிக்கொடுத்த அதே கடல் இன்று அத்தீவுகளின் கரையோரத் தொல்லிடங்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செல்கிறது. ஆய்வாளர்கள் இதை எரியும் நூலகத்துக்கு ஒப்பிடுகிறார்கள். படிக்காத நூல்கள்தான் எரிகின்றன.

இத்தனை கரையையும் ஆய்வாளர்கள் மட்டும் காவல் காக்க முடியாது. உள்ளூர் மக்களின் கண் வேண்டும். 1990-இல் மேற்குக் கிரீன்லாந்தில் மணலுக்கு அடியில் புதைந்திருந்த ஒரு நார்ஸ் பண்ணையை முதலில் கண்டவர்கள் கலைமான் வேட்டைக்குப் போன இருவர். மீவட்ன் வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஒரு தொல்லியல் பள்ளியை நடத்தி, அவர்களை அகழாய்வுக் குழிகளில் இறக்கிக் கற்பித்தார்கள். தோண்டியெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் அங்கே நல்ல விடை கண்டார்கள். டென்மார்க் எடுத்துச் சென்றிருந்த தொல்பொருள்களில் ஏறத்தாழ 35,000 பொருள்கள் 1982 முதல் 2001 வரை கிரீன்லாந்தின் அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. இரு தரப்பும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டதால் ஆய்வும் தொடர்ந்தது, உறவும் தொடர்ந்தது.

நம் வகுப்பறையில்

இவற்றை நடத்த ஐஸ்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. நான்கு செயல்பாடுகளைப் பரிந்துரைக்கிறேன்.

தொடக்க வகுப்புகளுக்கு: சத்துணவுக் கூடத்தின் ஒரு நாள் கழிவைப் பிள்ளைகள் சற்றுத் தள்ளி நின்று பார்க்கட்டும். முட்டை ஓடு இருக்கிறது, கோழி எலும்பு இல்லை. நூறு ஆண்டு கழித்து ஒருவர் இதைத் தோண்டினால் என்ன முடிவுக்கு வருவார்? "கோழியை இங்கே வளர்க்கல, முட்டை வெளியிலிருந்து வந்திருக்கு" என்று யாராவது ஒரு குழந்தை சொல்லிவிடும். இல்லாத பொருளும் சான்றுதான் என்பது அங்கே புரியும்.

நடுநிலை வகுப்புகளுக்கு: கண்ணாடிக் குவளையில் செம்மண், சுண்ணாம்புத் தூள், களிமண், அடுப்புச் சாம்பல் என்று அடுக்குங்கள். இடையில் ஒரு பொத்தான், ஒரு நாணயம், ஒரு விதை. எது முந்தியது, எது பிந்தியது என்று மாணவர்கள் வரிசைப்படுத்தட்டும். சாம்பல் அடுக்குகளுக்கு ஆண்டு கொடுத்து, இடைப்பட்ட தடிமனை அளவுகோலால் அளந்து வேகம் கண்டுபிடிக்கச் சொன்னால் விகிதக் கணக்கு முடிந்தது.

உயர்நிலை வகுப்புகளுக்கு: வகுப்பை ஐந்து குழுவாகப் பிரியுங்கள். எலும்பு, ஐசோடோப்பு, ஏரி மண், கடல்மட்டம், வணிகம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் கிரீன்லாந்து பற்றிய ஒரே ஒரு சான்றை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் சான்றை மட்டும் வைத்து 'ஏன் மறைந்தார்கள்' என்று ஒரு வரி எழுதட்டும். பிறகு ஐந்து வரிகளையும் கரும்பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கும் இந்தப் பத்திக்கும் உள்ள வேறுபாடுதான் பாடம்.

ஆசிரியர்களுக்கு: இந்த ஒரு பாடத்தையாவது அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட்டு, அடுத்தடுத்த பாடவேளைகளில் நடத்திப் பாருங்கள். மூவரும் ஒரே சாம்பல் கோட்டைப் பற்றிப் பேசும்போது, பாடங்களுக்கு இடையே நாம் போட்ட சுவர்கள் கால அட்டவணைக்காக மட்டுமே என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

"ஏன் அழிந்தது?" என்று இனி ஒரு மாணவர் கேட்டால், கூடவே இன்னொரு கேள்வியையும் அவரிடம் கொடுக்கலாம்: "அது நமக்கு எப்படித் தெரியும்?" முதல் கேள்விக்கான விடை ஆய்வுகளோடு மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவர் அந்த மாற்றத்தைக் கண்டு குழம்பமாட்டார். அடுத்து என்ன சான்று வேண்டும் என்று தேடத் தொடங்கிவிடுவார்.